23, 17, 19: அனுசரணையை வட்டி நாட்களில் அளத்தல்

2008 ஜனவரி 24ஆம் திகதி இந்தியன் பிரீமியர் லீக்கின் 8 அணிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. மொத்த விலை 723.59 மில்லியன் அமெரிக்க டொலர். அதில் பெங்களூர் அணிக்கு இந்தியத் தொழிலதிபர் விஜய் மல்லையாவின் குழுமம் ஒப்புக்கொண்ட விலை 111.6 மில்லியன் டொலர். மும்பை அணியின் 111.9 மில்லியனுக்கு அடுத்த இரண்டாவது உயர்ந்த விலை அது, மொத்தத்தில் 15.4 சதவீதம். இத்தொகையை ஒரே தடவையில் கட்ட வேண்டியதில்லை. 10 ஆண்டுத் தவணைகளாகக் கட்டலாம் என்பது ஏற்பாடு. ஆகவே ஓராண்டுத் தவணை 11.16 மில்லியன் டொலர். 1 டொலர் சுமார் 40 இந்திய ரூபாவாக இருந்த அன்றைய மாற்று வீதத்தில் இது 44.6 கோடி இந்திய ரூபா.

9 ஆண்டுகள் கழித்து, 2017 ஜனவரியில், பெங்களூரிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயம் மல்லையா தரப்பிடமிருந்து வங்கிகள் அறவிடவேண்டிய தொகையை 6,203 கோடி இந்திய ரூபா என்று தீர்மானித்தது. 2013 முதல் ஆண்டுக்கு 11.5 சதவீத வட்டியும் சேர வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வட்டி ஆண்டுக்கு 713 கோடி ரூபா, நாளொன்றுக்கு 1.95 கோடி ரூபா. பெங்களூர் அணியின் ஓராண்டுத் தவணையான 44.6 கோடியை 1.95 ஆல் வகுத்தால் 23 வரும். ஓர் அணியின் சொந்தக்காரர் என்ற பெயரை ஓராண்டுக்குத் தக்கவைக்கத் தேவைப்பட்ட பணம், அக்கடனுக்கு 23 நாளில் ஏறிய வட்டிக்குச் சமம்.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறது: ஓர் அனுசரணையாளர் விளையாட்டுக்குக் கொடுத்த தொகை, அவர் பிறரிடம் பெற்ற தொகையின் எத்தனை நாள் வட்டி? யாழ்ப்பாணத் தீவகத்தின் கரம்பொனில் இருப்பவர்களுக்கும் இது வேண்டிய கணக்கு. ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரை தீவகத்தின் விளையாட்டுக் கழகங்கள் தங்கள் சுற்றுப்போட்டிகளைப் பெரும்பாலும் அனுசரணையில் நடத்துகின்றன. சீருடையில் ஒரு பெயர், கிண்ணத்தில் ஒரு பெயர், இரண்டு பனைகளுக்கிடையே கட்டிய பதாகையில் ஒரு பெயர், ஒலிபெருக்கியில் ஓவருக்கு ஒருமுறை அதே பெயர். அந்தப் பெயர் ஊருக்குள் நம்பிக்கையாக மாறுகிறது. அந்த நம்பிக்கையின் விலை என்ன என்பதைப் பெரிய கணக்குகளில் பார்த்தால் சிறிய கணக்கும் விளங்கும்.

முதலாம் கணக்கு: மல்லையா

மல்லையாவின் விமான நிறுவனமான கிங்ஃபிஷர் எயார்லைன்ஸ் 2005 மே மாதம் பறக்கத் தொடங்கியது. 2012 ஒக்டோபரில் அதன் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டது. இடைப்பட்ட 7 ஆண்டுகளில் ஓர் ஆண்டிலும் அது இலாபம் காட்டவில்லை. நட்டம் 2008-09 நிதியாண்டில் சுமார் 1,609 கோடி ரூபா, 2009-10இல் 1,647 கோடி, 2010-11இல் 1,027 கோடி, 2011-12இல் 2,328 கோடி, 2012-13இல் 4,301 கோடி. இந்த 5 ஆண்டுகளின் கூட்டுத்தொகை 10,912 கோடி ரூபா. சேவை நின்ற மாதத்தில் ஊழியர்களுக்கு 7 மாதச் சம்பளம் பாக்கியிருந்தது.

வழக்கின் நடுவில் நிற்பது 900 கோடி ரூபா. ஐ.டி.பி.ஐ. வங்கி 2009 இன் கடைசி மாதங்களில் கிங்ஃபிஷருக்கு வழங்கிய கடன் இது. அதற்குச் சற்று முன் முடிந்த நிதியாண்டின் நட்டம் 1,609 கோடி. அதாவது, கடன் பெற்றவர் முந்திய ஒரே ஆண்டில் இழந்தது, வங்கி கொடுத்த தொகையைப் போல் 1.8 மடங்கு. நிறுவனத்தின் நிலை குறித்து வங்கிக்குத் தவறான தகவல் தரப்பட்டது என்பதும், கடன் பணம் வேறு தேவைகளுக்குத் திருப்பப்பட்டது என்பதும் இந்தியப் புலனாய்வு அமைப்புகளின் குற்றச்சாட்டு. மோட்டார் பந்தய அணிக்கான செலவும் அந்த வேறு தேவைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. மல்லையா அனைத்தையும் மறுக்கிறார். எரிபொருள் விலையும் உலகப் பொருளாதார நெருக்கடியும் ஒரு விமான நிறுவனத்தைச் சாய்த்தன, அது வியாபாரத் தோல்வியே தவிர மோசடி அல்ல என்பது அவரது வாதம்.

கடன் கொடுத்தவை பாரத ஸ்டேட் வங்கி தலைமையில் 17 வங்கிகள். 2015 நவம்பர் 30 அன்று வட்டியுடன் நிலுவை 9,091 கோடி ரூபா என்று இந்திய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. 2016 மார்ச் 2ஆம் திகதி மல்லையா இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். 2017 ஏப்ரல் 18 அன்று லண்டனில் கைதாகி, 650,000 பவுண் பிணையில் அன்றே விடுவிக்கப்பட்டார். 2018 டிசம்பர் 10 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் நீதவான் நீதிமன்றம், முதல் தோற்றத்தில் வழக்கு உண்டு என்று கண்டு, அவரை இந்தியாவிடம் ஒப்படைக்கலாம் என்றது. 2020 ஏப்ரலில் அவரது மேன்முறையீடு தள்ளுபடியானது. ஆயினும் ஒப்படைப்பு நடக்கவில்லை. ஆகவே மோசடிக் குற்றச்சாட்டு இந்திய நீதிமன்றத்தில் அவர் முன்னிலையில் விசாரித்துத் தீர்க்கப்படவில்லை; அவரைக் குற்றவாளி என்று எழுத இன்று இடமில்லை.

தண்டனை கிடைத்த ஒரு விடயம் 40 மில்லியன் டொலர் பற்றியது. 2016 பெப்ரவரியில் மதுபான நிறுவனமான டியாஜியோவுடன் செய்த விலகல் ஒப்பந்தப்படி மல்லையாவுக்கு 75 மில்லியன் டொலர் வரவேண்டியிருந்தது. அதில் 40 மில்லியன் உடனே கிடைத்தது. அதை அவர் தன் பிள்ளைகளுக்கு மாற்றியது நீதிமன்ற உத்தரவுக்கு முரணானது என்று இந்திய உச்ச நீதிமன்றம் கண்டது. 2022 ஜூலை 11 அன்று விதித்த தண்டனை 4 மாதச் சிறையும் 2,000 ரூபா அபராதமும். 40 மில்லியன் டொலரை 8 சதவீத வட்டியுடன் திருப்பிச் செலுத்தும்படியும் உத்தரவிட்டது. 2,000 ரூபா என்பது 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அபராதம். அரை நூற்றாண்டாக அத்தொகை மாறவில்லை.

சொத்து ஏலங்களின் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மும்பை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள கிங்ஃபிஷர் தலைமையகக் கட்டடம் 2016இல் 150 கோடி ரூபா அடிப்படை விலையில் ஏலத்துக்கு வந்தது. எடுக்க ஆளில்லை. விலை படிப்படியாக இறங்கி, 2021இல் 52.25 கோடிக்கு விற்றது. முதல் விலையின் 34.8 சதவீதம். கோவாவின் கடலோர மாளிகை 85.29 கோடியில் தொடங்கி 2017இல் 73.01 கோடிக்குப் போனது, 85.6 சதவீதம். தனிப்பட்ட பாவனைக்கான எயார்பஸ் விமானம் 152 கோடியில் தொடங்கி 2018இல் 34.8 கோடிக்குப் போனது, 22.9 சதவீதம். மூன்றையும் சேர்த்தால் கேட்ட விலை 387.29 கோடி, கிடைத்தது 160.06 கோடி; 41.3 சதவீதம்.

பெயருக்குக் கிடைத்த விலை பூச்சியம். கடன் வாங்கும்போது கிங்ஃபிஷர் எயார்லைன்ஸின் வணிகப் பெயர் 4,000 கோடி ரூபாவுக்கு மேல் மதிப்பிடப்பட்டு வங்கிகளிடம் ஈடாக வைக்கப்பட்டிருந்தது. 2016 ஏப்ரலில் அதே பெயர், சின்னம், விளம்பர வாசகம் யாவும் 366.7 கோடி அடிப்படை விலையில் ஏலத்துக்கு வந்தன. பழைய மதிப்பின் 9 சதவீதமே கேட்கப்பட்டது, ஒருவரும் கேட்கவில்லை. அனுசரணை வளர்ப்பது பெயரை. சீருடையிலும் மைதான வேலியிலும் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்ட பெயரை நம்பிக் கடன் கொடுத்த வங்கிக்கு, அந்தப் பெயரை விற்றுக் காசாக்க முடியவில்லை.

பணம் திரும்பிய வழி வேறு. 2024 டிசம்பரில் இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மக்களவையில் சொன்ன தொகை 14,131.6 கோடி ரூபா: மல்லையாவின் சொத்துகளிலிருந்து பொதுத்துறை வங்கிகளுக்கு மீட்டுக் கொடுக்கப்பட்டது. 1 இந்திய ரூபாவுக்குச் சுமார் 3.4 இலங்கை ரூபா என்று எடுத்தால் ஏறத்தாழ 48,000 கோடி இலங்கை ரூபா. இதில் 5,824.5 கோடி, அதாவது 41.2 சதவீதம், 2021 ஜூனில் யுனைட்டெட் புரூவரிஸ் நிறுவனப் பங்குகளை விற்றதிலிருந்து வந்தது. கடனைத் தீர்க்க உதவியது பியர் உற்பத்திச் சாலையின் பங்கு. விமானமோ அணியோ அல்ல.

14,131.6 கோடி என்பது 6,203 கோடியின் 2.28 மடங்கு. கடனைவிட இரு மடங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள் என்று மல்லையா வாதிடுகிறார். இங்கே வட்டியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 6,203 கோடிக்கு 11.5 சதவீதத் தனிவட்டி 11 ஆண்டுக்கு 7,847 கோடி. முதலுடன் சேர்த்து 14,050 கோடி. மீட்ட தொகைக்கும் இதற்கும் வித்தியாசம் 82 கோடிதான். ஆனால் மீட்புகள் இடையிடையே நடந்ததால், ஒவ்வொரு மீட்புக்குப் பின்னும் வட்டி ஏறும் முதல் குறைந்திருக்க வேண்டும். எத்திகதியில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்ற விபரமில்லாமல் எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஒன்று மட்டும் உறுதி: கடன் தீர்ந்ததா என்பதும் மோசடி நடந்ததா என்பதும் இரு வேறு கேள்விகள். முதலாவதற்கு விடை 100 சதவீதம் என்றாலும் இரண்டாவது வழக்கு நிற்கும்.

இரண்டாம் கணக்கு: சஹாரா

2001 முதல் 2013 வரை இந்தியக் கிரிக்கெட் அணியின் மார்பில் இருந்த பெயர் சஹாரா. 2010 மார்ச்சில் அதே குழுமம் புனே அணியை 370 மில்லியன் டொலருக்கு வாங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெங்களூருக்குக் கொடுக்கப்பட்ட விலையின் 3.3 மடங்கு அது. ஓராண்டுத் தவணை 37 மில்லியன் டொலர். அன்றைய 45 ரூபா மாற்று வீதத்தில் 166.5 கோடி இந்திய ரூபா.

அணியை வாங்கிய அதே காலத்தில் மக்களிடம் பணமும் திரட்டப்பட்டுக்கொண்டிருந்தது. சஹாராவின் இரு நிறுவனங்கள் 2008 முதல் 2011 வரை கடன் பத்திரங்கள் மூலம் திரட்டி, இடையில் திருப்பியது போக மிகுதி 24,029.73 கோடி ரூபா. ஒன்று 17,656.53 கோடி, மற்றது 6,373.20 கோடி. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் அனுமதியின்றித் திரட்டப்பட்ட இப்பணத்தை 15 சதவீத வட்டியுடன் திருப்பும்படி 2012 ஓகஸ்ட் 31 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வட்டி ஆண்டுக்கு 3,604 கோடி; நாளுக்கு 9.87 கோடி. புனே அணியின் ஓராண்டுத் தவணை 17 நாள் வட்டிக்குச் சமம்.

முதலிட்டவர்கள் சுமார் 3 கோடிப் பேர் என்று சஹாரா சொன்னது. இரு நிறுவனங்களில் பெரியதில் மட்டும் ஏறத்தாழ 2.21 கோடிப் பேர். இலங்கையின் 2012 குடிசனக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சனத்தொகை சுமார் 2.04 கோடி, கரம்பொன் அடங்கும் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 5.83 இலட்சம். ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பட்டியல் இலங்கையைவிடப் பெரியது, யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் 38 மடங்கு. 24,029.73 கோடியை 3 கோடிப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 8,000 இந்திய ரூபா. சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் பணம் இது.

ஆவணங்களைத் தரும்படி நீதிமன்றம் கேட்டபோது சஹாரா அனுப்பியது 127 லொறிகள். அவற்றில் 31,669 அட்டைப் பெட்டிகள். லொறிக்குச் சராசரி 249 பெட்டி. பெட்டிகளுக்குள் 3 கோடிக்கு மேற்பட்ட விண்ணப்பப் படிவங்களும் 2 கோடி மீள்கொடுப்பனவு வவுச்சர்களும். செபி அவற்றை வைக்கக் களஞ்சியம் தேடவேண்டியிருந்தது. ஒரு படிவத்தைப் பார்க்க 1 நிமிடம் என்று வைத்தாலும், 100 பேர் நாளுக்கு 8 மணிநேரம் வேலை செய்தால் 3 கோடிப் படிவங்களை முடிக்க 625 வேலை நாட்கள் தேவை.

2014 மார்ச் 4 அன்று குழுமத் தலைவர் சுப்ரதா ரோய் திகார் சிறைக்கு அனுப்பப்பட்டார். பிணைக்கு நீதிமன்றம் கேட்ட தொகை 10,000 கோடி ரூபா: 5,000 கோடி காசாக, 5,000 கோடி வங்கி உத்தரவாதமாக. புனே அணிக்கு டொலரில் ஒப்புக்கொண்ட முழு விலை, 45 ரூபா வீதத்தில், 1,665 கோடி. பிணைத்தொகை அதைப் போல் 6 மடங்கு. புனே அணி 3 பருவங்கள் மட்டுமே விளையாடி 2013இல் விலகியது.

2023 மார்ச் 31 வரை செபி திருப்பிக் கொடுத்தது 138.07 கோடி ரூபா, அதில் 67.98 கோடி வட்டி. அதே நாளில் இவ்விடயத்துக்காக வங்கிகளில் கிடந்த பணம் சுமார் 25,163 கோடி. திருப்பியது அதன் 0.55 சதவீதம். கோரி வந்த விண்ணப்பங்கள் 19,650. 3 கோடிப் பேரில் 10,000க்கு 7 பேர்கூட இல்லை. 95 சதவீதத்துக்கு மேல் தாங்களே நேரடியாகத் திருப்பிவிட்டதால் கோருவோர் இல்லை என்பது சஹாராவின் விளக்கம். பட்டியலில் உள்ள அத்தனை பேரும் உண்மையில் இருக்கிறார்களா என்பது நீதிமன்றம் எழுப்பிய கேள்வி. இரண்டில் எது சரி என்றாலும், மார்பில் பெயர் இருந்த 12 ஆண்டுகளில் அக்கேள்வி பொதுவெளியில் போதிய அளவு கேட்கப்படவில்லை. ரோய் 2023 நவம்பர் 14 அன்று காலமானார்.

இந்த இரு கணக்குகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. 2011 ஒக்டோபரில் போர்ஸ் இந்தியா போர்முலா 1 அணியின் 42.5 சதவீதத்தைச் சஹாரா 100 மில்லியன் டொலருக்கு வாங்கியது. மல்லையாவின் பங்கும் 42.5 சதவீதம், மிகுதி 15 சதவீதம் நெதர்லாந்தின் ஒரு குடும்பத்திடம். அந்த விலைப்படி அணியின் முழுப் பெறுமதி 235 மில்லியன் டொலர். ஓராண்டுக்குள் கிங்ஃபிஷர் நின்றது. சஹாராவுக்கு எதிரான தீர்ப்பும் வந்தது. 85 சதவீத உரிமை, பணம் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய இருவரிடம் இருந்தது. 2018 ஜூலையில் அணி நிர்வாகப் பொறுப்பாளர் கைக்குப் போனது. புதிய உரிமையாளர் வந்ததால் 405 பேரின் வேலை தப்பியது.

மூன்றாம் கணக்கு: ஸ்டான்போர்ட்

முதல் இரண்டு கணக்குகளில் மோசடி நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை. மூன்றாவதில் நிரூபிக்கப்பட்டது. 2008 ஜூன் 11 அன்று அமெரிக்கரான அலன் ஸ்டான்போர்ட் லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் ஹெலிகொப்டரில் வந்திறங்கினார். கண்ணாடி போன்ற பெட்டியொன்றில் 20 மில்லியன் டொலர், 50 டொலர் தாள்களாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. 20 மில்லியனை 50 ஆல் வகுத்தால் 400,000 தாள். ஒரு தாள் சுமார் 1 கிராம் என்பதால் எடை ஏறத்தாழ 400 கிலோ. 5 ஆண்டுகளில் 5 போட்டிகள், மொத்தம் 100 மில்லியன் டொலர் என்பது அறிவிப்பு.

நடந்தது ஒரே போட்டி. 2008 நவம்பர் 1 அன்று அன்ரிகுவாவில் இங்கிலாந்து 19.5 ஓவரில் 99 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. ஸ்டான்போர்ட் சுப்பர்ஸ்டார்ஸ் 12.4 ஓவரில் விக்கெட் இழப்பின்றி 101 எடுத்தது. இரு பக்கமும் வீசப்பட்ட சட்டப்படியான பந்துகள் 195. பந்துக்கு 102,564 டொலர். வென்ற 11 பேருக்கும் ஆளுக்கு 1 மில்லியன், மற்ற வீரர்களுக்குச் சேர்த்து 1 மில்லியன், பயிற்றுநர் குழுவுக்கு 1 மில்லியன். மிகுதி 7 மில்லியனை இங்கிலாந்து, மேற்கிந்தியக் கிரிக்கெட் சபைகள் 3.5 மில்லியனாகப் பகிர்ந்தன. சபை ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது பரிசின் 17.5 சதவீதம்.

பணம் வந்த ஊற்று ஸ்டான்போர்ட்டின் அன்ரிகுவா வங்கி. அது விற்ற நிலையான வைப்புச் சான்றிதழ்களின் வட்டி கண்ணைப் பறிக்கும் வட்டி அல்ல. 2008 நவம்பரில் 3 ஆண்டு வைப்பொன்றுக்கு அது சொன்னது 5.375 சதவீதம், ஒப்பிடத்தக்க அமெரிக்க வங்கி வைப்புகள் 3.2 சதவீதத்துக்குக் கீழே. வித்தியாசம் 2.2 சதவீதப் புள்ளி. 10,000 டொலர் வைத்தவருக்கு ஆண்டுக்குக் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 218 டொலர். அந்த 218 டொலருக்காக 10,000 டொலரும் பணயத்தில் இருந்தது.

போட்டி நடந்து 108ஆம் நாள், 2009 பெப்ரவரி 17 அன்று, அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணைக்குழு அவர்மீது மோசடி வழக்குத் தொடுத்தது. 2012 மார்ச் 6 அன்று 14 குற்றச்சாட்டுகளில் 13இல் குற்றவாளி என்று ஹூஸ்டன் ஜூரி கண்டது. 2012 ஜூன் 14 அன்று 110 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மோசடியின் அளவு சுமார் 7,000 மில்லியன் டொலர். பாதிக்கப்பட்டோர் 18,000க்கு மேல். சராசரி ஆளுக்குச் சுமார் 389,000 டொலர். 5.375 சதவீத வட்டியில் 7,000 மில்லியனுக்கு நாளுக்கு 1.03 மில்லியன். அன்ரிகுவாப் போட்டியின் 20 மில்லியன், 19 நாள் வட்டி.

பறிமுதல் உத்தரவு 5,900 மில்லியன் டொலர். வெளிநாட்டுக் கணக்குகளில் ஜூரி அடையாளம் கண்டது சுமார் 330 மில்லியன், 5.6 சதவீதம். பெரிய தொகை வந்தது வழக்குத் தொடுத்து 14 ஆண்டு கழித்து, வேறிடத்திலிருந்து. 2023ஆம் ஆண்டளவில் 5 வங்கிகள், பொறுப்பை ஏற்காமலே, இணக்கமாகக் கட்டச் சம்மதித்தது 1,602 மில்லியன், அதில் ரி.டி. வங்கி மட்டும் 1,205 மில்லியன், 75.2 சதவீதம். மோசடித் தொகையில் இந்த 1,602 மில்லியன் 22.9 சதவீதம். வைப்பாளரின் பணத்தைத் தங்கள் கணக்குகள் ஊடாகப் போகவிட்டவர்களும் கட்டினார்கள். 3.5 மில்லியன் பெற்ற கிரிக்கெட் சபைகள் இந்தப் பட்டியலில் இல்லை.

மூன்றையும் சேர்த்து

மல்லையா 23 நாள், சஹாரா 17 நாள், ஸ்டான்போர்ட் 19 நாள். வேறு நாடு, வேறு தொழில், வேறு சட்டம். விடை 17க்கும் 23க்கும் இடையில். இந்த ஒற்றுமையை விதியாகக் கொள்ளக் கூடாது. மூன்று உதாரணம் விதி ஆகாது. ஒவ்வொருவரும் வேறு விளையாட்டுகளிலும் செலவிட்டனர். எடுத்துக்கொண்ட வட்டி வீதங்களும் ஒன்றல்ல. ஆயினும் தொகையின் பரிமாணம் தெளிவு. பிறர் பணத்தின் ஒரு மாத வட்டிக்கும் குறைவான தொகையில், ஓராண்டுக்கோ ஒரு போட்டிக்கோ ஒரு நாடே அறியும் நற்பெயரை வாங்க முடிந்தது. விளம்பரத்தில் இவ்வளவு மலிவான நம்பிக்கை வேறெங்கும் கிடைக்காது.

இரண்டாவது உண்மை மீட்பைப் பற்றியது. மல்லையா கணக்கில் தீர்ப்பாயம் சொன்ன முதலின் 228 சதவீதம் திரும்பியது. ஏனெனில் ஈடாகப் பிடிக்கக்கூடிய, இலாபம் தரும் நிறுவனத்தின் பங்கு இருந்தது, கடன் கொடுத்தவை சட்டத்தரணிகளை அமர்த்தக்கூடிய 17 வங்கிகள். சஹாரா கணக்கில் 11 ஆண்டில், வட்டி நீங்கலாக, முதலின் 0.3 சதவீதமே செபி வழியாகத் தனியாட்கள் கைக்குப் போனது. கடன் கொடுத்த பெரிய வங்கிகளுக்குப் பணம் வந்தது. சிறிய வைப்பாளருக்குப் பெட்டிகள் நிறைந்த களஞ்சியம் மிஞ்சியது.

இலங்கையில் இதற்கு நிகரான எண் 26 பில்லியன் ரூபா. 2008 இறுதியில் சரிந்த கோல்டன் கீ கடனட்டை நிறுவனத்தில் 9,054 வைப்பாளர்களின் பணம் அது. சராசரி ஆளுக்கு 28.7 இலட்சம் ரூபா. விளையாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் பெயர் பெற்ற குழுமம் ஒன்றின் நிழலில், வைப்பு ஏற்க மத்திய வங்கி அனுமதி பெறாத நிறுவனத்தில் மக்கள் பணம் வைத்தார்கள் என்ற அமைப்பு அதே. இன்று இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு அதிகபட்சம் 11 இலட்சம் ரூபா கொடுக்கிறது. அன்றைய சராசரி வைப்பின் 38 சதவீதம். அதுவும் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் மட்டும். அனுமதியில்லாத இடத்தில் வைத்தால் காப்புறுதி 0 ரூபா.

கரம்பொனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வரும் அனுசரணையில் பெரும்பகுதி கனடாவிலும் பிரான்ஸிலும் பிரித்தானியாவிலும் உழைக்கும் பிள்ளைகள் ஊருக்கு அனுப்புவது. அதை நன்றியோடு வாங்குவது முறை. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கேள்வி கேட்கவேண்டிய இடம் ஒன்றே: அனுசரணை தருபவர் அதே ஊரில் வைப்பு, சீட்டு, முதலீடு என்று பணம் சேர்க்கிறாரா? ஆம் என்றால், கழகத்தின் கூட்டக் குறிப்பேட்டில் மூன்று எண்கள் எழுதப்பட வேண்டும்: கம்பனிப் பதிவு இலக்கம், மத்திய வங்கி அனுமதிப்பத்திர இலக்கம், கடைசியாகக் கணக்காய்வு செய்த ஆண்டின் இலாபம் அல்லது நட்டம். கிங்ஃபிஷரின் மூன்றாவது எண் ஒவ்வோர் ஆண்டும் பகிரங்கமாகவே இருந்தது. சஹாராவிடம் இரண்டாவது எண்ணுக்கு நிகரான செபி அனுமதி இல்லை.

மூன்று எண்களில் ஒன்று வெறுமையாக இருந்தாலும் கிண்ணத்தில் அந்தப் பெயரைப் பொறிக்க வேண்டாம். சுற்றுப்போட்டியைச் சிறிதாக நடத்தலாம். ஊராரின் வைப்புப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கழகத்தாலும் முடியாது.